ராமேஸ்வரத்தோட நிறுத்திடாதீங்க

வெளியூர் ஃப்ரெண்ட்ஸ் வந்தா எல்லாரும் கோயில், பாம்பன் பாலம், தனுஷ்கோடின்னு காட்டி அனுப்பிடுறோம், அதெல்லாம் பாக்கணும்தான், ஆனா இன்னொரு நாள் கூட இருந்தா நம்ம கரையோரத்தைக் காட்டுங்க.

காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி காரங்காடு போயிடுங்க, தேவிபட்டினம் தாண்டி தொண்டி போற ரோட்டுல வரும். அலையாத்திக் காட்டுக்குள்ள படகுல கூட்டிட்டுப் போவாங்க. படகு மெதுவா போறப்போ கரையைப் பாக்கச் சொல்லுங்க, சேத்துக்குள்ள இருந்து பென்சில் நட்டு வச்ச மாதிரி ஆயிரக்கணக்குல நீட்டிக்கிட்டு நிக்கும், அதுதான் சுவாச வேர், சேத்துக்குள்ள காத்து கிடைக்காததால மரம் மேல வந்து மூச்சு விடுது. என் ஃப்ரெண்டோட பையன் அதை எண்ண ஆரம்பிச்சுட்டு படகை விட்டு இறங்கவே மாட்டேன்னுட்டான். குடிக்கத் தண்ணியும் தொப்பியும் கையில இருக்கட்டும்.

திரும்பி வர்றப்போ ராமநாதபுரம் அரண்மனைல ராமலிங்க விலாசம்ங்கிற மண்டபத்தைப் பாருங்க, இந்த ஊரை ஆண்ட சேதுபதிகள் காலத்து ஓவியம் சுவர் முழுக்க இருக்கும், போர்க் காட்சியெல்லாம் நின்னு பாருங்க.

சாயங்காலம் கீழக்கரை. பழைய ஜும்மா பள்ளிவாசலோட கல் தூணைப் பாத்தா கோயில் மண்டபம் மாதிரியே இருக்கும், தொழுகை நேரம் இல்லாதப்ப அனுமதி கேட்டுட்டுப் போங்க. கிளம்புறப்போ மறக்காம தொதல்ங்கிற இனிப்பு வாங்கிக் குடுங்க, தேங்காப்பாலும் கருப்பட்டியும் போட்டு மணிக்கணக்கா கிண்டுறது, எங்க வீட்டுக்கு வந்தவங்க இப்பவும் போன் போட்டு அதைத்தான் கேக்குறாங்க.