செட்டிநாட்டு வீட்டில் மண் கொட்டுவதற்கு முன்

போன மாதம் கானாடுகாத்தானில், தங்கும் விடுதியாக மாறிக்கொண்டிருக்கும் ஒரு பழைய வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். தோட்டம் அமைக்க வந்த பிள்ளைகள் இருவர் பின்வாசலில் நூல் கட்டிக்கொண்டிருந்தார்கள். "ஒன்றரை அடி செம்மண் ஏத்துறோம் சார், அப்பதான் புல்லு பிடிக்கும்." எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் முதல் வேலையில் நானும் இதையேதான் சொன்னேன்.

இப்படிப்பட்ட பழைய வீடுகளில் தோட்டம் அமைக்க வருகிறவர்கள் செய்யும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். வெயில் தாங்காத செடி, ஓட்டையில்லாத தொட்டி பற்றியெல்லாம் பேசப்போவதில்லை. அதை ஒரு கோடையிலேயே கற்றுக்கொள்வீர்கள்.

தண்ணீர் போகும் வழியை மூடுவது

வளவு வாசலில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், நின்று அண்ணாந்து பாருங்கள். நான்கு பக்க ஓடும் உள்நோக்கிச் சரிந்திருக்கும். மழைத் தண்ணீர் நடுவில் விழ, அண்டாக்களில் பிடித்தது போக மிச்சம் மூலையிலுள்ள தூம்பு வழியே வெளியேறும். கிணற்றுக்குப் போகும், இல்லையென்றால் தெருக் கால்வாய் வழியாக ஊருணிக்குப் போகும். 1000 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை என்றால் ஏறக்குறைய 930 லிட்டர். ஐப்பசியில் ஒரே இரவில் அதைப்போல ஐந்து மடங்கு கொட்டும்.

நான் பின்வாசலை மேடாக்கிக் கொரியன் புல் விரித்தேன். தூம்பின் வெளிவாய் ஒரு செம்புறாங்கல்லுக்கு அடியில் இருந்தது. பழைய குப்பைக்குழி என்று நினைத்து மூடிவிட்டேன். அந்த வருஷம் முதல் அடைமழையில் வளவில் முழங்கால் அளவு தண்ணீர். தேக்குத் தூண்களின் அடிக்கல் முங்கிப்போயிற்று, சுண்ணாம்புச் சுவர் மூன்றடி உயரத்துக்கு ஈரம் குடித்தது. பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க அப்பச்சி காலத்துல இருந்து தண்ணி போற வழி தம்பி அது. அது மேலயா புல்லு வச்சீக?" என்றார். கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். எட்டு டிராக்டர் மண்ணை என் கைக்காசில் வெளியே அள்ளினேன்.

எரிச்சல் என்னவென்றால், இன்றைக்கும் வருகிறவர்கள் வரைபடத்தை மட்டுமே பார்க்கிறார்கள். நூறு வருஷத்துத் தூம்பு எந்த வரைபடத்தில் இருக்கும்? இப்போது நான் மஞ்சள்தூள் கரைத்த தண்ணீரைக் குடம் குடமாகத் தூம்பில் ஊற்றிவிட்டு, பின்வாசலிலும் தெருவிலும் ஆள் நிறுத்துகிறேன். மஞ்சள் வருகிற இடத்தில் சுண்ணாம்புக் குறி. வரவில்லையென்றால் எங்கோ அடைப்பு. அதை எடுக்கும்வரை ஒரு கூடை மண்கூட உள்ளே வரக்கூடாது.

இது ஒரு வீட்டோடு முடிகிற விஷயமும் இல்லை. தெரு முழுக்க விடுதியாகி ஆளாளுக்குத் தூம்பை மூடினால், ஊருணிக்கு வரத்து குறையும். அப்புறம் அதே புல்லுக்கு தினமும் போர் தண்ணீர் இறைப்பார்கள்.

ஈரச் சுவருக்கு சிமென்ட் பூச்சு

ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான்.

ஊருணிக்கரையை அழகுபடுத்துவது

நடைபாதை, விளக்கு, பேவர் பிளாக் எல்லாம் வரும். தண்ணீர் வந்து சேரும் வரத்துக்காலை மறித்துவிட்டுப் போட்டால் கரை மட்டும் பளபளக்கும், உள்ளே ஆடு மேயும்.

முகப்புக்கு வெளியே தொட்டி அடுக்குவது

விடுதி முதலாளிகள் ஆசைப்பட்டுக் கேட்பார்கள்: வாசலில் வரிசையாகத் தொட்டி, நடுவில் சங்கிலி. அந்த இடத்தில்தான் காலையில் கோலம் போடுகிறார்கள், திண்ணையில் ஒதுங்குகிறவர் சைக்கிளைச் சாத்துகிறார். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-இல் சேர்ந்தது தனித்தனி மாளிகை இல்லை, செட்டிநாட்டு ஊர்த்தொகுப்பு. தொட்டி வேண்டுமென்றால் உள்ளே வையுங்கள்.

கோனோகார்பஸ்

இந்த மரம் வேண்டாம்.

பின்கட்டு வேம்பு

இலை கொட்டுகிறது என்று வெட்டாதீர்கள். பெருக்க ஆள் போடுங்கள்.

சரி, கானாடுகாத்தானுக்கு வருகிறேன். பிள்ளைகளுக்கு என் மேல் கொஞ்சம் கோபம்தான், ஆனாலும் மறுநாள் காலையில் குடம் தூக்கினார்கள். முதல் நான்கு குடத்துக்கு ஒன்றுமே இல்லை. ஐந்தாவதை ஊற்றியபோது, அவர்கள் கட்டியிருந்த நூலுக்கு நேர் கீழே மண் நனைந்து மஞ்சளாயிற்று.