நிகர பூஜ்ஜியக் கணக்கு: ஒரு நிறுவனத்தின் உமிழ்வைச் சமன் செய்வது எப்படி?

மனிதர்களால் காற்றில் கலக்கும் பசுமை இல்ல வாயுக்களும் (பூமியைச் சூடேற்றும் வாயுக்கள்) காற்றிலிருந்து நீக்கப்படுபவையும் இந்த நூற்றாண்டின் பிற்பாதியில் சமமாக வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தம். இந்தச் சமநிலைதான் நிகர பூஜ்ஜியம். அதே கணக்கை ஒரு தொழிற்கூடமோ அலுவலகமோ போட்டுப் பார்க்கலாம். முதலில் அளப்பது, அடுத்து குறைப்பது, கடைசியில்தான் ஈடு செய்வது, அதாவது மிஞ்சிய உமிழ்வுக்குச் சமமான அளவைக் காற்றிலிருந்து நீக்கச் செய்வது. இந்த வரிசை மாறினால் கணக்கே பொய்யாகிவிடும்.

எந்தக் கட்டடங்கள், எந்த வண்டிகள் கணக்கில் சேரும் என்று முதலில் எழுதி வையுங்கள். வழக்கமான வேலை நடந்த முழு ஆண்டு ஒன்றை அடிப்படை ஆண்டாக, அதாவது பின்வரும் ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆண்டாக எடுங்கள். பாதி நாள் பூட்டிக் கிடந்த ஆண்டை எடுத்தால், பின்னால் வரும் ஆண்டுகள் எல்லாமே மோசமாகத் தெரியும். உமிழ்வை மூன்று வகையாகப் பிரியுங்கள். நீங்களே எரிப்பதும் கசியவிடுவதும் முதல் வகை. வாங்கும் மின்சாரம் இரண்டாவது. வாங்கும் பொருள், பயணம், குப்பை ஆகியவை மூன்றாவது. பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான் பெரியது. விடுபட்டுப் போவதும் இதுதான்.

எரிபொருளை ரசீதில் உள்ள லிட்டரைக் கொண்டு கணக்கிடுங்கள், பணத்தைக் கொண்டு அல்ல. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.6 முதல் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். டீசலின் எடையே 0.84 கிலோதான் என்றால் இது எப்படி? அதில் சுமார் 0.72 கிலோ கார்பன். ஒவ்வொரு 12 கிராம் கார்பனும் காற்றிலிருந்து 32 கிராம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 கிராமாகிறது. மின்சாரத்துக்கு, யூனிட்டை அந்த ஆண்டுக்குரிய உமிழ்வுக் காரணியால் (ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்ற எண்) பெருக்குங்கள். பழைய காரணியைப் போட்டால், நீங்கள் எதுவும் செய்யாமலேயே கணக்கு ஏறும் அல்லது இறங்கும்.

அதிகம் தப்பிவிடுவது ஏசி வாயு. பல ஏசிகளில் குளிரூட்டப் பயன்படும் ஆர்-410ஏ என்ற வாயு 1 கிலோ கசிந்தால் 2 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். அதாவது சுமார் 750 லிட்டர் டீசலை எரித்ததற்குச் சமம். ஏசி மூடிய சுற்று, அதில் வாயு தானாகத் தீராது. ஆண்டுதோறும் கேஸ் நிரப்ப வேண்டியிருந்தால், நிரப்பிய அளவு முழுவதும் முன்பே கசிந்து போனதுதான். நிரப்புவதற்கு முன்னும் பின்னும் சிலிண்டரை எடை போட்டு வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள். அடுத்த முறை வெறுமனே நிரப்பச் சொல்லாதீர்கள். மிச்சமிருக்கும் வாயுவை மீட்டெடுத்து, நைட்ரஜன் அழுத்தம் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கிய (வாக்கம்) பிறகே எடை பார்த்து நிரப்ப வேண்டும்.

உணவுக் கழிவை மூட்டை கட்டிப் புதைத்தால் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வரும். நூறு ஆண்டுக் கணக்கில் அது அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 27 மடங்கு சூடேற்றும். காய்ந்த இலையோடு கலந்து, அடிக்கடி கிளறி உரமாக்கினால் மீத்தேன் வெகுவாகக் குறையும். மீத்தேன் சுமார் 12 ஆண்டுகளில் சிதைந்துவிடுவதால், இங்கே குறைப்பதன் பலன் சீக்கிரமே கிடைக்கும்.

இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சுவதை மட்டும் ஈடு செய்யுங்கள். கார்பன் கிரெடிட் (வேறொருவர் நீக்கிய அல்லது தவிர்த்த உமிழ்வுக்கான விற்பனைச் சான்று) வாங்கும்போது, அது காற்றிலிருந்து நீக்கியதா, வேறொருவர் வெளியிடாமல் தவிர்த்ததா என்று கேளுங்கள். சமன் செய்ய உதவுவது நீக்கியது மட்டுமே. மரக்கணக்கில் ஏமாற வேண்டாம்: காய்ந்த எடை 200 கிலோ உள்ள மரத்தில் சுமார் 100 கிலோ கார்பன், அதாவது 367 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அந்த எடைக்கு வளரப் பல ஆண்டுகள் ஆகும். இன்று நட்ட கன்றை இந்த ஆண்டின் வரவில் எழுதக் கூடாது. மரம் எரிந்தால் வரவும் போய்விடும், ஆனால் டீசலின் கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதி ஆயிரம் ஆண்டு கழித்தும் காற்றில் இருக்கும். எனவே புதைபடிவ எரிபொருளுக்கு ஈடாக, பாறைக்குள் செலுத்துவது போன்ற நீடித்த சேமிப்பையே தேடுங்கள்.

புதிய கிளையை வாங்கினாலோ விற்றாலோ அடிப்படை ஆண்டின் எண்ணையும் அதற்கேற்பத் திருத்துங்கள். இல்லையென்றால் கிளையை விற்றதுகூட உமிழ்வைக் குறைத்ததாகக் கணக்கில் ஏறிவிடும்.