கமெண்ட் ஸ்பாமை விரட்டணும், வாசகரை விரட்டக்கூடாது

சின்ன பிளாக்தானே, நம்மள யாரு தேடி வந்து ஸ்பாம், அதாவது வேண்டாத விளம்பர கமெண்ட், போடப்போறாங்கன்னு நினைக்காதீங்க. அனுப்புறது பெரும்பாலும் ஆளே இல்ல, ப்ரோகிராம்தான், அது உங்க பதிவை படிக்கிறதில்ல, கமெண்ட் ஃபார்ம் இருக்கா லிங்க் ஒட்ட முடியுமான்னு மட்டும்தான் பாக்கும். நிறைய இடத்துல லிங்க் இருந்தா கூகுள்ல மேல வரலாம்ங்கிற கணக்குலதான் இதெல்லாம் பெருகுச்சு. அதை நிறுத்தத்தான் 2005 ஜனவரியில கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூணும் நோஃபாலோங்கிற குறியை ஏத்துக்கிட்டாங்க, அந்தக் குறி இருக்கிற லிங்கை ரேங்கிங்குக்கு கணக்குல எடுக்க மாட்டோம்னு சொன்னாங்க. பிளாக் நடத்த உதவுற வேர்ட்பிரஸ்லயும் பிளாகர்லயும் கமெண்ட் லிங்குக்கு அது தானாவே விழுந்துடும். ஆனாலும் ஸ்பாம் நிக்கல, ஏன்னா அனுப்ப செலவே கிடையாது, எந்த சைட்ல நோஃபாலோ இருக்குன்னு பாத்து பிரிக்கிறதை விட எல்லா இடத்துலயும் கொட்டிட்டு போறது அவங்களுக்கு சுலபம்.

என்னோட கருத்து இதுதான்: ரெண்டு ஸ்பாம் உள்ள வந்துட்டா அழிச்சுக்கலாம், ஆனா நேரம் எடுத்து நாலு வரி எழுதுன வாசகரோட கமெண்ட் காணாம போச்சுன்னா அவர் மறுபடி எழுத மாட்டார். அதனால வாசகர் கண்ணுக்கே தெரியாத தடுப்பை முதல்ல போடுங்க, அவருக்கு வேலை வைக்கிற தடுப்பை கடைசியா வச்சுக்கங்க.

ஸ்பாமை பிரிக்கிற அகிஸ்மெட்ங்கிற ப்ளகின் (கூடுதலா சேர்க்கிற சின்ன ப்ரோகிராம்) வேர்ட்பிரஸை இன்ஸ்டால் பண்ணும்போதே கூட வரும், ஆக்டிவேட் பண்ணி ஒரு ஏபிஐ கீ, அதாவது அவங்க தர்ற ரகசிய குறியீடு, வாங்கி போட்டா போதும். விளம்பரம் எதுவும் இல்லாத சொந்த பிளாகுக்கு இலவசமா கிடைக்கும், வருமானம் பாக்குற சைட்னா காசு கட்டணும். கமெண்ட் போட்டவரோட ஐபி (இன்டர்நெட் முகவரி எண்), பேர், மெயில் எல்லாம் சோதனைக்காக அவங்க சர்வருக்கு போகும், அதை உங்க ப்ரைவசி பக்கத்துல சொல்லிடுங்க. வெளிய அனுப்புறதே பிடிக்கலன்னா ஆன்டிஸ்பாம் பீ-ன்னு ஒரு இலவச ப்ளகின் இருக்கு, அக்கவுண்ட் எதுவும் தேவையில்ல.

அடுத்தது ஹனிபாட், எனக்கு ரொம்ப பிடிச்ச முறை. ஃபார்ம்ல ஒரு கட்டம் கூடுதலா வச்சு அதை சிஎஸ்எஸ்ஸால (பக்கத்தோட தோற்றத்தை அமைக்கிற கோட்) மறைச்சுடுறது, மனுஷங்க கண்ணுக்கு தெரியாததால காலியா விடுவாங்க, பாட், அதாவது ஸ்பாம் அனுப்புற ப்ரோகிராம், எல்லா கட்டத்தையும் நிரப்பும், நிரம்பியிருந்தா ஸ்பாம்னு ஒதுக்கிடலாம். அந்த கட்டத்தோட டைப்பை ஹிட்டன்னு வைக்காதீங்க, பாட் அதை கண்டுபிடிச்சு தாண்டி போயிடும். மெயில், ஃபோன்னு பேர் வச்சா ப்ரௌசரோட ஆட்டோஃபில் நல்ல வாசகருக்கும் நிரப்பிடும், அவர் கமெண்ட் ஏன் போகலன்னு அவருக்கே புரியாது, அதனால சம்பந்தமில்லாத பேர் வச்சு ஆட்டோகம்ப்ளீட்டை ஆஃப் பண்ணிடுங்க. திரையில இருக்கிறதை வாசிச்சு சொல்ற ஸ்க்ரீன் ரீடர் வச்சு படிக்கிறவங்களுக்கு இந்த கட்டம் கேக்கக்கூடாது, டேப் அடிச்சாலும் அங்க போகக்கூடாது, இதை மறக்கவே மறக்காதீங்க. கூடவே நேரத்தையும் பாக்கலாம், பக்கம் திறந்து 2, 3 செகண்டுல கமெண்ட் வந்தா எழுதுனது ஆள் இல்ல. ஆனா பக்கத்தை முன்னாடியே தயார் பண்ணி சேமிச்சு வைக்கிற கேஷிங் ப்ளகின் ஓடுற சைட்ல பக்கம் எப்பவோ தயாரானது, அதுல பதிஞ்ச நேரத்தை நம்பி கணக்கு போட்டா தப்பாயிடும். இன்னொண்ணு, சோதனை சர்வர் பக்கம் நடக்கணும், ஏன்னா நிறைய பாட் உங்க பக்கத்தை திறக்கிறதே இல்ல, வேர்ட்பிரஸ்ல கமெண்டை வாங்குற ஃபைலுக்கு நேரா அனுப்பிடும்.

இதுக்கப்புறம் வேர்ட்பிரஸ் செட்டிங்ஸ்ல டிஸ்கஷன் பக்கம். 2 லிங்க் இல்லன்னா அதுக்கு மேல இருந்தா கமெண்டை நிறுத்தி வைக்கிற மாதிரிதான் ஆரம்பத்துலயே இருக்கும், அப்படியே விடுங்க. ஏற்கனவே ஒரு கமெண்ட் அப்ரூவ் ஆனவர் அடுத்த தடவை நேரா வரலாம்ங்கிற ஆப்ஷனும் நல்லதுதான், ஆனா இதுல ஒரு தந்திரம் நடக்குது. முதல்ல "அருமையான பதிவு, நன்றி"ன்னு லிங்க் இல்லாம ஒண்ணு வரும், நீங்க சந்தோஷமா அப்ரூவ் பண்ணுவீங்க, அப்புறம் அதே பேர் அதே மெயில்ல லிங்கோட வர ஆரம்பிக்கும். அதனால எந்த பதிவுக்கு வேணா ஒட்டுற பாராட்டை அப்ரூவ் பண்றதுக்கு முன்னாடி பேரையும் வெப்சைட் கட்டத்தையும் பாருங்க, பேர் இருக்கிற இடத்துல லோன், கேசினோன்னு இருந்தா யோசிக்கவே வேணாம். இப்பல்லாம் ஏஐ வச்சு பதிவோட தலைப்பையே திருப்பி சொல்ற மாதிரி கமெண்ட் வருது, அங்கயும் லிங்க்தான் காட்டிக்கொடுக்கும். வெப்சைட் கட்டத்தையே ஃபார்ம்ல இருந்து தூக்கிடலாம்னு நான் சொல்வேன், உண்மையான வாசகர்கள் பெரும்பாலும் அதை தேடவே மாட்டாங்க.

வார்த்தை தடை பட்டியல்ல ரொம்ப கவனம். வேர்ட்பிரஸ் வார்த்தைக்கு உள்ளயும் தேடும், இங்கிலீஷ்ல பிரஸ்னு போட்டா வேர்ட்பிரஸ்னு எழுதுன எல்லா கமெண்டும் மாட்டிக்கும். தடை பட்டியல்ல சிக்குனது நேரா ட்ராஷுக்கு போயிடும், அதனால உங்க அனுமதிக்காக நிறுத்தி வைக்கிற மாடரேஷன் பட்டியல்ல போடுங்க, அங்கன்னா உங்க கண்ணுல படும். இங்கிலீஷ் எழுத்துல வர்ற கமெண்டை எல்லாம் மொத்தமா தடுக்கிறதும் வேணாம், நம்ம மொழியை இங்கிலீஷ் எழுத்துல அடிக்கிற வாசகர்கள் எத்தனையோ பேர். ஐபி தடுக்கிறது வேஸ்ட், அடுத்த நிமிஷம் வேற ஐபில வருவாங்க.

பழைய பதிவுகளுக்குத்தான் ஸ்பாம் குவியும், அதுக்காக கமெண்டை மூடிடாதீங்க, தேடி வர்றவங்க பழைய பதிவுக்குத்தான் வருவாங்க, அங்கதான் நல்ல கேள்வியும் வரும். பிளாகர்ல கமெண்ட் மாடரேஷனை "சில சமயம்"னு வச்சா இத்தனை நாளுக்கு மேல பழசான பதிவுக்கு மட்டும் உங்க அனுமதி கேக்கும், அது போதும். வேர்ட்பிரஸ்ல பிங்பேக், ட்ராக்பேக் (வேற சைட் உங்க பதிவுக்கு லிங்க் கொடுத்தா வர்ற அறிவிப்புகள்) ரெண்டையும் ஆஃப் பண்ணிடுங்க, ஆனா அந்த செட்டிங் புது பதிவுக்கு மட்டும்தான், பழசை எல்லாம் செலக்ட் பண்ணி பல்க் எடிட்ல மாத்தணும்.

இவ்வளவுக்கப்புறமும் அடங்கலன்னாதான் கேப்சா, அதாவது நீங்க மனுஷங்கதானான்னு சோதிக்கிற புதிர். படத்துல எழுத்தை கண்டுபிடிக்கிற ரகம் பார்வை இல்லாதவங்களை வெளிய தள்ளுது, காசுக்கு கேப்சா போட்டுத் தர ஆளும் இருக்காங்க, அதனால பாட் அனுப்புறவனையும் முழுசா நிறுத்தாது. க்ளவுட்ஃப்ளேர் கம்பெனி 2022ல கேப்சாவுக்கு மாற்றா கொண்டு வந்த டர்ன்ஸ்டைல் பெரும்பாலும் புதிர் எதுவும் கேக்காது, வேணும்னா அதை வைங்க.

வாரம் ஒரு தடவையாவது ஸ்பாம் ஃபோல்டரை திறந்து பாருங்க, அகிஸ்மெட் சாதாரணமா 15 நாள்ல எல்லாத்தையும் அழிச்சுடும், அப்புறம் மீட்க முடியாது. நல்ல கமெண்ட் உள்ள கிடந்தா "ஸ்பாம் இல்ல"ன்னு க்ளிக் பண்ணுங்க, அதே மாதிரி வெளிய வந்த ஸ்பாமை ட்ராஷ்ல போடாம ஸ்பாம்னே குறிங்க, ஃபில்டர் அதுலதான் கத்துக்கும். மீட்டெடுத்த கமெண்டுக்கு அன்னைக்கே பதில் போட்டு, லேட்டானதுக்கு காரணம் ஃபில்டர்தான்னு அவருக்கு ஒரு வரி சொல்லிடுங்க.