லயத்துத் துயரை அரங்கில் வைக்கும்போது

மூணாறு தோட்டத் தொழிலாளர் வாழ்வைக் கண்காட்சியாக அமைப்பவர்கள் முதலில் சறுக்குவது இசையில்தான். 2020 ஆகஸ்ட் 6 இரவு அங்குள்ள பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், புதைந்தன. 70 உயிர்கள் போயின. இதற்கு மேல் சோக வயலின் எதற்கு? எடுத்துவிடுங்கள். மழைச் சத்தம் தேவையென்றால் பேச்சொலிக்குக் கீழே வையுங்கள். உரக்க வைத்தால் உடம்பு மிரளும், பக்கத்துப் பலகையை வாசிக்க மனம் நிற்காது.

அழும் முகத்தை ஆறடிக்குப் பெரிதாக்காதீர்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில், கண்ணுக்கு நேராக இருக்கட்டும். மேலிருந்து எடுத்த படம் வேண்டவே வேண்டாம். அது ஆளைச் சிறியவராக்கி இரக்கத்தை மட்டும் கேட்கும்.

சமநிலைக்காக நிர்வாகத்தின் படத்தையும் மாட்ட வேண்டியதில்லை. துயரத்துக்கு அருகில் காரணமும், அந்த மக்களின் எதிர்ப்பும் இருக்க வேண்டும். 2015இல் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் திரண்ட தோட்டத் தொழிலாளப் பெண்கள் மூணாறு சாலையில் உட்கார்ந்தபோது நாட்கூலி 232 ரூபாய். அவர்கள் கேட்டது 500. ஒரு கொழுந்துச் சாக்கின் பக்கத்தில் இந்த இரண்டு எண்களையும் எழுதிவையுங்கள். கண்ணீரோடு வருபவர் அங்கே நின்று கணக்குப் போடுவார்.

சம்மதம் இருமுறை: படமெடுக்கும்போது ஒன்று, அச்சிட்டுச் சுவரில் மாட்டியபின் ஒன்று. திறப்புக்கு முந்தைய நாள் லயத்திலிருந்து நாலைந்து பேரை அழைத்துக் காட்டுங்கள். யாராவது ஒரு படத்தின் முன் முகம் திருப்பினால், வாதாடாமல் கழற்றிவிடுங்கள். மண்சரிவு அறைக்கு முன்பே வெளியேறும் வழி ஒன்றும் வேண்டும்.