ஹோர்மோன் டெஸ்ட்: எந்த நாளில் இரத்தம் கொடுப்பது?

பீரியட்ஸ் தள்ளிப்போகிறது, தலைமயிர் கொட்டுகிறது, நாடியில் முள்ளுமுள்ளாய் மயிர் முளைக்கிறது என்றால், யாழ்ப்பாணத்தில் முதல் மருந்து உளுத்தங்களிதான். நல்லெண்ணெயும் பனங்கட்டியும் போட்டுக் கிண்டினால் நானும் இரண்டு உருண்டை கூடச் சாப்பிடுவேன். ஆனால் தைரொயிட் குறைந்திருந்தால் களி அதைச் சரியாக்காது. எந்த ஹோர்மோன் குழம்பியிருக்கிறது என்று இரத்தத்தில் பார்க்க நாட்கணக்கு வேண்டும்.

1. கலண்டர்

மாதத்துக்கு ஒரு தாள் உள்ளதாக வாங்குங்கள். நாளுக்கொன்றாய்க் கிழிக்கிற கலண்டரில் குறித்தால் கணக்கும் குப்பைக்குள் போய்விடும். போன் ஆப் எனக்குப் பிடிப்பதில்லை. சுழற்சி ஒழுங்கில்லாதவருக்கு அது சொல்லும் தேதி வெறும் ஊகம்.

2. எண்ணுதல்

இரத்தம் போகத் தொடங்கும் நாள் 1. அடுத்த பீரியட்ஸுக்கு முந்திய நாள் வரை எண்ணுங்கள், அதுதான் உங்கள் சுழற்சி நாள். வளர்ந்தவர்களுக்கு 21 முதல் 35 நாள் வரை சாதாரணம். சாமத்தியப்பட்டு ஓரிரு வருடமான பிள்ளைக்கு 45 வரை போகலாம்.

3. டெஸ்ட் நாள்

குழப்பமெல்லாம் இங்கேதான். "புரொஜெஸ்டரோனை 21ஆம் நாள் எடுங்கோ" என்று துண்டில் எழுதித் தருவார்கள். அது 28 நாள் சுழற்சிக்காரருக்குச் சரி. கர்ப்பத்தைத் தாங்கவைக்கும் இந்த ஹோர்மோன் முட்டை வெளியேறி ஒரு கிழமையில்தான் உச்சத்துக்கு வரும். அதன்பின் இன்னொரு கிழமையளவில் பீரியட்ஸ். 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு முட்டை வெளியேறுவதே ஏறக்குறைய 21ஆம் நாள். அன்று இரத்தம் கொடுத்தால் றிப்போட் குறைவாகத்தான் வரும், பிறகு வீட்டில் "பிள்ளை தங்காதாம்" என்று அழுகை. சுழற்சி நாளில் 7ஐக் கழியுங்கள்: 35 என்றால் 28ஆம் நாள். சுழற்சி மாறிமாறி வந்தால் டொக்டரிடம் கலண்டரையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சினைப்பையை இயக்கும் ஹோர்மோன்களான எஃப்எஸ்எச், எல்எச் இரண்டும் 2 முதல் 5ஆம் நாளுக்குள். தைரொயிட்டுக்கான டிஎஸ்எச் எந்த நாளும் எடுக்கலாம். பால் சுரக்கவைக்கும் ஹோர்மோனான புரொலக்டினுக்கு பஸ் பிடிக்க ஓடிய களைப்போடு கையை நீட்டாதீர்கள், பதற்றத்திலும் அது கூடும். கொஞ்ச நேரம் ஆறியிருந்து கொடுங்கள். குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை போடுபவர் அதை முதலே சொல்லிவிட வேண்டும்.

4. சாப்பாடு

சினைப்பையில் நீர்க்கட்டி என்று சொல்லப்பட்டு நிறையும் கூடியவர்களுக்கு, 5 வீதம் குறைந்தாலே பீரியட்ஸ் ஒழுங்காகக்கூடும். 70 கிலோவுக்கு அது மூன்றரைக் கிலோ. வெள்ளை மாப் புட்டைக் குறைத்துக் குரக்கனுக்கு மாறுங்கள், பின்னேரம் நடவுங்கள்.

பின்னர் சேர்த்தது: பொட்டுப்பொட்டாகப் படுவதை நாள் 1 என்று எடுக்கலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். இல்லை, பாட் வைக்கும் அளவுக்கு நன்றாகப் போகத் தொடங்கும் நாள்தான் 1. இன்னொன்று, தலைமயிருக்கென்று விற்கும் பயோட்டின் என்ற விற்றமின் குளிசை தைரொயிட் றிப்போட்டைப் பிழையாகக் காட்டவைக்கும். குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். கூடிய அளவு போடுபவர் எவ்வளவு நாள் என்று டொக்டரைக் கேளுங்கள்.

மூன்று மாதமாகப் பீரியட்ஸே இல்லையென்றால் கலண்டரும் களியும் கிடக்கட்டும். கர்ப்பமா என்று பார்த்துவிட்டு, இந்தக் கிழமையே டொக்டரிடம் போங்கள்.