மேசா டிரைவர் ப்ராஜெக்ட்ல சிஐ பைப்லைன் பராமரிக்கறது எப்படி: புதுசா வர்றவங்களுக்கு

லினக்ஸ்ல கேம் ஓட்டினாலும் சரி, ராஸ்பெர்ரி பைல டெஸ்க்டாப் தெறந்தாலும் சரி, பெரும்பாலும் கீழ இருந்து படம் வரையறது மேசாங்கற கிராஃபிக்ஸ் டிரைவர் தொகுப்புதான். ப்ரையன் பால் 1993ல ஆரம்பிச்ச ப்ராஜெக்ட், இன்னிக்கு ஏஎம்டி, இன்டெல், குவால்காம் அட்ரீனோ, ஆர்ம் மாலி, ப்ராட்காம்னு எல்லா ஜிபியுவோட ஓப்பன் சோர்ஸ் டிரைவரும் அந்த ஒரே ரெப்போவுக்குள்ள இருக்கு. சிக்கல் என்னன்னா, ஷேடர் கம்பைலர் (ஜிபியுல ஓடற குட்டி ப்ரோக்ராமுகள மொழிபெயர்க்கறது) மாதிரி நடுவுல இருக்கற பொது கோட நெறைய டிரைவருங்க பங்கு போட்டுக்குது, அதுல ஒருத்தர் தன்னோட லேப்டாப்ல டெஸ்ட் பண்ணி ஒரு வரி மாத்துவார், அது எங்கயோ ஒரு மாலி போர்டுல கணக்க தப்பா போட வச்சிடும், அவர்கிட்ட அந்த போர்டே இருக்காது. அந்த போர்டுல அவருக்கு பதிலா டெஸ்ட் ஓட்டித் தர்றதுதான் சிஐ (கன்டினியுவஸ் இன்டக்ரேஷன்). அது வரிசையா ஓட்டற வேலைகள் மொத்தமும் பைப்லைன், அதுல ஒவ்வொரு வேலையும் ஒரு ஜாப்.

இந்த வேலைக்கு வர்ற எல்லார்கிட்டயும் நான் சொல்றது ஒண்ணுதான்: ஜாப் சிவப்பா மாறினா, அதாவது ஃபெயில் ஆனா, டெவலப்பர் அத நம்பணும். சும்மா சும்மா சிவப்பு காட்டற பைப்லைன யாரும் படிக்க மாட்டாங்க, ரீட்ரை பட்டன அமுக்கிட்டு போயிடுவாங்க, நெஜமான பக் வந்தாலும் அதே பட்டன்தான் அமுங்கும். கீழ இருக்கற எல்லா படியும் அந்த நம்பிக்கைய காப்பாத்தறதுக்குத்தான்.

படி 1: உள்ள வாங்க, ஒரு ஓட்டம் ஓட்டிப் பாருங்க

மேசா இருக்கறது ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்போட சொந்த கிட்லேப் சர்வர்ல. புது அக்கவுண்டுக்கு ஃபோர்க் பண்ற (ரெப்போவ உங்க அக்கவுண்டுக்கு காப்பி எடுக்கற) பெர்மிஷன் தானா கிடைக்காது, ஸ்பேம் பண்றவங்களும் சிஐ மெஷின்ல க்ரிப்டோ மைனிங் ஓட்டினவங்களும் வந்ததால வெச்ச கட்டுப்பாடு அது. யூசர் வெரிஃபிகேஷன் இஷ்யூ ஒண்ணு போட்டு, என்ன வேலை பண்ணப் போறீங்கன்னு ரெண்டு வரி எழுதுங்க, போதும்.

ஃபோர்க் ஆனதும் ஒரு பைப்லைன தெறந்து இடது பக்கத்துல இருந்து பாருங்க. மொதல்ல கன்டெய்னர் இமேஜ் (பில்டுக்கும் டெஸ்டுக்கும் வேண்டிய சாஃப்ட்வேர் எல்லாம் கட்டி வெச்ச பொட்டலம்) ஜாப், அப்புறம் மெசான்ங்கற பில்டு டூல் வெச்சு பில்டு, அதுக்கப்புறம் ஒவ்வொரு டிரைவருக்கும் டெஸ்ட் ஜாப். ஃபோர்க்ல பெரும்பாலான ஜாப் மேனுவலாதான் நிக்கும். ஒவ்வொண்ணா கிளிக் பண்ணிட்டு உக்காராதீங்க, ரெப்போவுல பின் ஃபோல்டருக்குள்ள சிஐ ஃபோல்டர்ல ரன் அண்ட் மானிட்டர்னு ஒரு ஸ்கிரிப்ட் இருக்கு, டார்கெட்டா ஜாப் பேர மட்டும் குடுத்தா அதுக்கு தேவையான பில்டு, கன்டெய்னர் எல்லாத்தையும் அதுவே கெளப்பி முடியற வரைக்கும் கவனிச்சிட்டு இருக்கும்.

மொத தடவை எல்எல்விஎம்பைப் ஜாப எடுத்துக்கங்க. அது சிபியுலயே வரையற சாஃப்ட்வேர் டிரைவர், ஸ்பெஷல் போர்டு எதுவும் வேண்டாம், உங்க லேப்டாப்லயே திரும்ப ஓட்டிப் பாக்கலாம்.

படி 2: சிவப்பு ஜாபோட லாக படிக்க கத்துக்கங்க

லாக தெறந்ததும் மொதல்ல கேக்க வேண்டிய கேள்வி: டெஸ்ட் ஓட ஆரம்பிச்சுச்சா இல்லையா? ஹார்டுவேர் ஜாப் நெறைய லாவாங்கற சிஸ்டம் வழியா நடக்குது, அது போர்டுக்கு பவர் குடுத்து, நெட்வொர்க்ல கெர்னல அனுப்பி, பூட் பண்ண வெச்சு, சீரியல் கேபிள் வழியா வர்ற எழுத்துகள படிக்கும். டெஸ்டுகள ஓட்டற ப்ரோக்ராமான டெஸ்ட் ரன்னரோட மொத வரியே வராம லாக் நின்னுடுச்சுன்னா அது பெரும்பாலும் போர்டு பிரச்சனை, கேபிள் பிரச்சனை, நெட்வொர்க் பிரச்சனை, அந்த எம்ஆர் (மெர்ஜ் ரிக்வெஸ்ட், மாத்தின கோட சேக்கச் சொல்லி அனுப்பறது) போட்டவர் மேல தப்பு இருக்க வாய்ப்பு கம்மி (கெர்னல் அப்டேட் எம்ஆர்னா மட்டும் விதிவிலக்கு).

டெஸ்ட் ஓடி விழுந்திருந்தா கடைசில ஒரு லிஸ்ட் இருக்கும். டெஸ்ட் பேரு, கமா, ரிசல்ட். ஃபெயில்னா தப்பா வரைஞ்சிருக்கு, க்ராஷ்னா ப்ராசஸே செத்துடுச்சு, டைம்அவுட்னா முடியவே இல்ல. இதுல புதுசா வர்றவங்கள ரொம்ப குழப்பறது அன்எக்ஸ்பெக்டெட் இம்ப்ரூவ்மென்ட்னு வர்ற ரிசல்ட். டெஸ்ட் பாஸ் ஆயிருக்கு, ஆனா ஜாப் சிவப்பு! அது வேணும்னே அப்படி வெச்சது. ஃபெயில் ஆகும்னு எழுதி வெச்ச டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சு, லிஸ்ட்ல இருந்து அந்த வரிய எடுத்துடுங்கன்னு சொல்லுது. எடுக்காம விட்டா நாளைக்கு அதே டெஸ்ட் மறுபடி உடையும்போது யாருக்கும் தெரியாது.

ஆர்டிஃபேக்ட்ஸ் (ஜாப் சேத்து வெச்சிட்டு போற ஃபைல்கள்) தெறந்தா ரிசல்ட் ஃபோல்டருக்குள்ள கேஸ்லிஸ்ட் ஃபைல்கள், அதாவது டெஸ்ட் பேர் லிஸ்டுகள், கெடக்கும். ரன்னர் டெஸ்டுகள குரூப் குரூப்பா ஒரே ப்ராசஸ்ல ஓட்டுது, அதனால முன்னாடி ஓடின டெஸ்ட் விட்டுட்டு போன ஸ்டேட்டால பின்னாடி வர்ற டெஸ்ட் விழறது சகஜம். தனியா ஓட்டினா பாஸ் ஆகுது, சிஐல மட்டும் விழுதுன்னா அந்த கேஸ்லிஸ்ட் ஃபைல அப்படியே டவுன்லோட் பண்ணி அதே வரிசைல ஓட்டுங்க. விழுந்துச்சுன்னா லிஸ்ட பாதி பாதியா வெட்டிட்டே வாங்க, எந்த டெஸ்ட் கெடுத்து விடுதுன்னு மாட்டிடும்.

படி 3: மூணு ஃபைல்

ஒவ்வொரு டிரைவரோட சிஐ ஃபோல்டர்லயும் ஜிபியு பேரோட மூணு டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும்: ஃபெயில்ஸ், ஃப்ளேக்ஸ், ஸ்கிப்ஸ். எப்பவும் விழற டெஸ்ட் ஃபெயில்ஸ்ல, சில நேரம் விழுந்து சில நேரம் பாஸ் ஆகறது ஃப்ளேக்ஸ்ல, ஓட்டவே கூடாதது ஸ்கிப்ஸ்ல. ஃபெயில்ஸ்ல ரிசல்ட்டும் சேத்து எழுதணும், ஃபெயில்னு எழுதினது க்ராஷ் ஆனா அதுவும் சிவப்புதான்.

என்னோட கருத்து, ஸ்கிப்ஸ்தான் இருக்கறதுலயே ஆபத்தான ஃபைல். அதுல போட்டது ஓடவே ஓடாது, சரியானாலும் தெரியாது, மோசமானாலும் தெரியாது. ஜிபியுவ ஹேங் பண்ணி பக்கத்து டெஸ்டையும் கெடுக்கறதுக்கும், தாங்க முடியாத அளவு மெதுவா ஓடறதுக்கும் மட்டும் அத வெச்சுக்கங்க. அப்புறம் ஃப்ளேக்ஸ், ஸ்கிப்ஸ் ரெண்டும் ரெகுலர் எக்ஸ்ப்ரெஷன், ஒரு பேட்டர்ன் எழுதினா அதுக்கு பொருந்தற பேரெல்லாம் மாட்டும். ஒரு டெஸ்டுக்காக அந்த டெஸ்ட் குடும்பத்தோட பேர எழுதி டாட் ஸ்டார் போட்டு விட்டீங்கன்னா கூடவே நல்லா ஓடற நூத்துக்கணக்கான டெஸ்டும் கண்ணுல இருந்து மறைஞ்சிடும். முழுப் பேர எழுதுங்க, மேல ஒரு கமெண்ட்ல காரணமும் இஷ்யூ நம்பரும் போடுங்க.

படி 4: ஃப்ளேக் வேட்டை

பராமரிப்புல பெரும்பங்கு நேரம் இதுக்குத்தான் போகும், போகவும் வேணும். மேசாவுல மெர்ஜ் பண்றது மார்ஜ்ங்கற பாட். எம்ஆர அதுக்கு அசைன் பண்ணா லேட்டஸ்ட் கோட் மேல ரீபேஸ் பண்ணி, முழு பைப்லைன ஓட்டி, எல்லாம் பச்சையானா மட்டும் உள்ள விடும், அதுவும் வரிசைல ஒண்ணு முடிஞ்சுதான் அடுத்தது. அதனால ஒரு போர்டுல வர்ற ஒரு பொய் சிவப்பு, சம்பந்தமே இல்லாத டிரைவர் ஆளுங்களோட க்யூவையும் சேத்து நிறுத்துது. மேசா டாக்குமென்டேஷன்லயே ஒரு டிரைவரோட டெஸ்ட் ஃபார்ம் (போர்டுகள அடுக்கி வெச்சிருக்கற லேப்) வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல பொய் சிவப்பு காட்டக் கூடாதுன்னு போட்டிருக்காங்க, எல்லா டிரைவரும் வாரத்துக்கு ஒண்ணு காட்டினாலே தினமும் யாரோ ஒருத்தர் வேலை நிக்கும்ங்கறதுதான் கணக்கு.

எதிர்பாராத ரிசல்ட் வந்த டெஸ்ட ரன்னர் தானாவே இன்னொரு தடவை ஓட்டிப் பாக்கும், ரிசல்ட் மாறினா ஃப்ளேக்னு குறிச்சிட்டு ஜாப உடைக்காம விடும். நல்ல வசதிதான், ஆனா அதுக்காக அந்த குறிப்புகள படிக்காம விடாதீங்க. டிரைவர் டீம் சிலர் இத ஐஆர்சி சாட் சேனலுக்கே அனுப்ப வெச்சிருக்காங்க, அத பாத்துட்டே வாங்க. ஒரே டெஸ்ட் அடிக்கடி வருதா, ஒரே போர்டுல மட்டும் வருதா? ஒரே போர்டுன்னா ஹார்டுவேர சந்தேகப்படுங்க. எல்லா போர்டுலயும் ஒரே நாள்ல ஆரம்பிச்சிருந்தா அன்னிக்கு மெர்ஜ் ஆன கமிட்டுகள பாருங்க, கேஷ் ஃப்ளஷ் விட்டுப் போனது, சிங்க்ரனைசேஷன் விட்டுப் போனது மாதிரி நெஜமான டிரைவர் பக்தான் பல நேரம் ஃப்ளேக் வேஷத்துல வரும். லிஸ்ட்ல சேக்கறதுக்கு முன்னாடி இஷ்யூ போட்டுடுங்க.

படி 5: கன்டெய்னர் டேக்

இது சின்ன விஷயம். டெஸ்ட் சூட்டயோ அத பில்டு பண்ற ஸ்கிரிப்டயோ மாத்தினா இமேஜ் டேக் ஃபைல்ல இருக்கற டேகயும் (கன்டெய்னர் இமேஜோட வெர்ஷன் பேரு) மாத்தணும். டேக் அதே தான்னா கிட்லேப் பழைய இமேஜையே எடுத்துக்கும், உங்க மாற்றம் ஓடவே இல்லாம எல்லாம் பச்சையா தெரியும்.

டெஸ்ட் சூட்டுக்கு புது வெர்ஷன் ஏத்தும்போது இன்னொண்ணயும் கவனிங்க. நேரம் பத்தாத ஜாபுங்க முழு லிஸ்ட்ல ஒரு பங்கு மட்டும்தான் எம்ஆர்ல ஓட்டும், ஃப்ராக்ஷன்னு கான்ஃபிக்ல இருக்கும், மீதி எல்லாம் ராத்திரி தானா ஓடற நைட்லி பைப்லைன்ல ஓடும். லிஸ்ட் மாறினா எந்த டெஸ்ட் அந்த பங்குல விழுதுங்கறதும் மாறும், அதனால புது ஃபெயில்னு தெரியறது பலது ஏற்கனவே விழுந்துட்டு இருந்ததா இருக்கும். நைட்லி ரிசல்ட்டோட ஒப்பிட்டுட்டு எழுதுங்க.

படி 6: ஃபார்ம் படுத்துட்டா

ஒரு லேப்ல கரண்ட் போச்சு, நெட் போச்சுன்னா அந்த லேப் ஜாப் எல்லாம் சேந்து தொங்கும். இதுக்கு ரெப்போவுலயே வழி இருக்கு: ஃபார்ம்ஸ்னு ஒரு ஃபோல்டர்ல ஒவ்வொரு லேபுக்கும் ஒரு குட்டி ஃபைல், அத டிஸேபிள்டு ஃபோல்டருக்கு மாத்தி ஒரு எம்ஆர் போட்டா அந்த லேப் ஜாபுங்க பைப்லைன்ல இருந்து வெலகிடும், திரும்ப வந்ததும் ஃபைல பழைய எடத்துக்கு மாத்திடலாம். அந்த எம்ஆர்ல வேற எந்த மாற்றமும் சேக்காதீங்க. லேப் மூடியிருந்த நேரத்துல டெஸ்ட் இல்லாமலே நெறைய கோட் உள்ள போயிருக்கும், அதனால தெறக்கறதுக்கு முன்னாடி அந்த ஜாபுங்கள ஒரு தடவை கையால ஓட்டி ஃபெயில்ஸ் லிஸ்ட சரி பண்ணுங்க.

எங்க ஆரம்பிக்கறதுன்னு கேட்டா, எல்எல்விஎம்பைப்போட ஸ்கிப்ஸ் ஃபைல தெறந்து கமெண்டே இல்லாத ஒரு வரிய எடுங்க. உங்க மெஷின்ல அந்த டெஸ்ட பல தடவை ஓட்டிப் பாருங்க. ஒழுங்கா முடிஞ்சா வரிய எடுத்துட்டு ஃபோர்க்ல அந்த ஜாபயும் ஓட்டி, அதோட லிங்க எம்ஆர் டிஸ்கிரிப்ஷன்ல போடுங்க. இன்னும் ஹேங் ஆச்சுன்னா வரி அங்கயே இருக்கட்டும், எங்க எப்படி ஹேங் ஆகுதுன்னு மேல ஒரு கமெண்ட் எழுதி அத எம்ஆரா அனுப்புங்க.