மருத்துவ மேற்படிப்பின் (பிஜி) கடைசி மாதங்களில் சோர்ந்து போகாமல் இருக்க

எம்.டி., எம்.எஸ். மூன்றாம் வருடத்தில் தீசிஸைக் (ஆய்வேட்டை) கொடுத்த கையோடு ஒரு வெறுமை வரும். தேர்வுக்கு இன்னும் மாதங்கள் இருக்கும். ட்யூட்டி மட்டும் குறையாது. கோவை, பெருந்துறை, சேலம் என எங்கே படித்தாலும் இதே கதைதான்.

அப்போது முழுப் புத்தகத்தையும் முடித்தே தீருவேன் என்று உட்காராதீர்கள். படிப்பை வார்டுக்கே கொண்டு போங்கள். ஒரு ட்யூட்டிக்கு ஒரே ஒரு நோயாளி போதும். மஞ்சள் காட்டில் கண்ணாடி விரியன் கடித்து வந்த அம்மா என்று வையுங்கள். 20 நிமிட ரத்தம் உறைதல் சோதனை எதற்கு, விஷமுறிவு மருந்தை எப்போது ஆரம்பிப்பது, சிறுநீர் குறைந்தால் எதைச் சந்தேகிப்பது என்று முதல் வருட ஜூனியருக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள். பிராக்டிகலில் கேட்பதும் இதைத்தானே. இரண்டு நாள் கழித்து அந்த அம்மா "இப்பத் தேவலைங் கண்ணு" என்று சொன்னால், அன்றைக்குப் படிக்கத் தனியாகத் தெம்பு தேட வேண்டியதில்லை.

நைட் ட்யூட்டி முடிந்த காலையில் புத்தகத்தைத் தொடாதீர்கள். சாப்பிட்டுத் தூங்குங்கள்.

அப்புறம், தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று வாரக்கணக்கில் போனால் அதைச் சோம்பல் என்று ஒதுக்காதீர்கள். மனநலத் துறை நண்பரிடம் பேசுங்கள். தெரிந்தவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் இருக்கிறது, எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.